நானூற்றுப் பன்னிரண்டு கேள்விக்குறிகள்

என் அண்ணிக்கு மன்னிக்கத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்கு நீந்தத் தெரியாது, சிலருக்கு விசிலடிக்க வராது, அண்ணிக்கு இது வராது. ஒரு தடவை கெட்டுப்போன பாலைக் கொடுத்துவிட்டு, "காலைல நல்லாத்தானே இருந்துச்சு" என்று சாதித்த கடைக்காரர் எங்கள் தெருமுனையில் இன்னும் கடை வைத்திருக்கிறார். அண்ணி ஒன்பது வருடமாக இரண்டு தெரு சுற்றிப்போய் வேறு கடையில் பால் வாங்குகிறார். கொட்டுகிற மழையிலும் அப்படித்தான். என் அண்ணன் ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தார்: "அந்த ஆளு கடையை மருமகன்கிட்ட கொடுத்துட்டாராம். இப்பவாவது அங்க போலாமே." அண்ணி துணி மடிப்பதை நிறுத்தாமல், "ஃப்ரிட்ஜ் அதே ஃப்ரிட்ஜ்தானே?" என்று கேட்டார். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எது நகரும், எது நகராது என்று தெரிந்தவர். பேப்பரை எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு மனிதர் வகையாக வந்து மாட்டிக்கொண்டார். எங்கள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர். எந்த வெயிலிலும் கழற்றாத சாம்பல் நிறக் கோட்டு ஒன்று போட்டிருப்பார் என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குக் கோட்டு என்றே பெயர். எனக்கு அதைவிடப் பொருத்தமான பெயர்கள் தெரியும். எழுதினால் அச்சில் போட மாட்டார்கள்.

என்னையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆஸ்பத்திரியில் மூன்றாம் நம்பர் கவுண்டரில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயர், வயது, போன் நம்பரைப் பதிகிறவள் நான். வேலைக்கு மனுப் போடச் சொன்னதே அண்ணிதான். வாயை மூடத் தெரியாதவள் என்று எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ரேடியோ.

அண்ணி அங்கே சேர்ந்தது டைப்பிஸ்டாக. பிறகு பதிவேடுகள் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனபோது, டேட்டாபேஸ் என்றால் என்னவென்று ஆளாளுக்கு விழித்துக்கொண்டிருக்க, அண்ணி எங்கிருந்தோ செங்கல் கனத்தில் ஒரு புத்தகத்தை வாங்கிவந்தார். அடுப்படியில் மிளகாய் டப்பாவின் மேல் அதைச் சாய்த்துவைத்து, குழம்பைக் கிளறிக்கொண்டே படிப்பார். புத்தகத்தின் பாதிப் பக்கங்களில் மஞ்சள் கறை. இரண்டு வருடத்தில், நோயாளிகளின் பெயர்கள் அத்தனையும் இருக்கிற டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவர் கைக்கு வந்தது. யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. வேறு யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. டேட்டாபேஸை ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்கு மாற்றும்போதெல்லாம் மூன்று பக்கச் சோதனைத்தாள் ஒன்றை நிரப்புவார். முதல் பக்கம்: டேட்டாபேஸ் எந்த மொழிக்கு, எந்த எழுத்துத் தொகுப்புக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு வரிக் கேள்வியை டைப் செய்தால் டேட்டாபேஸே பதில் சொல்லிவிடும். இரண்டாம் பக்கம்: அதில் எழுதுகிற, படிக்கிற மெஷின்களில் அதே அமைப்பு எப்படி இருக்கிறது. மூன்றாம் பக்கம்தான் அண்ணியின் சொந்தச் சரக்கு. எழுதிய மெஷினை விட்டு எழுந்துபோய், சம்பந்தமே இல்லாத இன்னொரு மெஷினில் மூன்று பெயர்களைத் திறந்து, வாய்விட்டுப் படித்து, கையெழுத்துப் போட வேண்டும். "எழுதின மெஷின்லயே படிச்சுப் பாத்தா அது பாத்ததுலயே சேராது" என்பார். நான் ஏன் என்று கேட்டதற்கு, "உன் வாட்ச்சும் உங்கண்ணன் வாட்ச்சும் பத்து நிமிஷம் லேட்டுன்னு வை. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிட்டா மணி சரிதான். பஸ் மட்டும் போயிருக்கும்" என்றார்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் புது மெஷின் வந்தது. அதைத் திறந்துவைக்கப் பத்து மணிக்கு ரிப்பன் வெட்டு. கோட்டு விடியற்காலையிலிருந்தே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அண்ணி சோதனைத்தாளை எடுத்ததும், "இதுக்கெல்லாம் இப்ப நேரம் இல்லம்மா. கம்பெனிக்காரன் எல்லாம் செட் பண்ணித்தான் அனுப்பியிருக்கான். ஏத்துங்க" என்றார். அண்ணி, "ஒரு வரி சார். அரை நிமிஷம்" என்றார். "வெளிய எத்தனை பேர் காத்துட்டு இருக்காங்க தெரியுமா? ஏத்துங்கன்னா ஏத்துங்க." ஏற்றினார்கள். ரிப்பன் வெட்டின சந்தடியில் ஒரு தாளை நீட்டி, 'மாற்றும் பணி முடிந்தது' என்ற இடத்தில் அண்ணியிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். இன்னொரு பக்கம், இடம் வேண்டும் என்று பழைய மெஷினைத் துடைக்கச் சொல்லிவிட்டார். அதை அண்ணியிடம் சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு என் கவுண்டருக்கு ஒரு தாத்தா வந்தார். அவருடைய நம்பரைப் போட்டேன். வயது வந்தது, போன் நம்பர் வந்தது, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். அடுத்தவருக்கும் அப்படியே. அதற்கடுத்தவருக்கும் அப்படியே. புது டேட்டாபேஸை, நம் எழுத்துகளையே அறியாத வெளிநாட்டு எழுத்துத் தொகுப்புக்கு அமைத்து அனுப்பியிருந்தார்கள். தெரியாத எழுத்து வந்தால் அது கேள்விக்குறியைப் போட்டு வைத்துக்கொள்ளும். எண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அறுபத்திரண்டாயிரம் பேருடைய பெயர் மட்டும் போனது. பழைய மெஷினில் இருக்குமே என்று அண்ணி ஓடியபோது அங்கே வெறும் மெஷின்தான் இருந்தது.

விசாரணை வைத்தார்கள். கோட்டு நிதானமாகப் பேசினார். சோதனை செய்ய வேண்டியது இந்த அம்மாவின் பொறுப்பு, இதோ நிரப்பாத சோதனைத்தாள், இதோ முடிந்தது என்று போட்ட கையெழுத்து. எந்தத் தாளை நிரப்ப விடவில்லையோ அதே தாளைக் காட்டி அண்ணியை மாட்டிவிட்டார். அண்ணி சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்டனையாகத் தரைக்குக் கீழே இருக்கும் பழைய காகிதப் பதிவறைக்கு அனுப்பினார்கள். அங்கிருக்கும் அட்டைகளைப் பார்த்துப் பெயர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப டைப் செய்ய வேண்டும். கோட்டு அன்றைக்கு மாடிப்படியில் நின்றுகொண்டு, "இனிமே இவங்க பேரு கேள்விக்குறி" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அந்த நாலு பேரும் யார் யார் என்று எனக்குத் தெரியும். நானும் அண்ணி வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவள்தான்.

மூன்று வருடம் டைப் செய்தார். ஜன்னல் இல்லாத அறை. ட்யூப்லைட் ஒன்று எப்போதும் துடித்துக்கொண்டே இருக்கும். காகிதத் தூசியில் அவருக்கு இருமல் வந்தது. அந்த இருமல் இன்னும் போகவில்லை. அறுபத்திரண்டாயிரத்தில் கடைசியாக நானூற்றுப் பன்னிரண்டு மிஞ்சியது. எல்லாம் எங்கள் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகள். குழந்தைக்கென்று தனி அட்டை கிடையாது. பெயர் வைத்ததும் வார்டு நர்ஸ் நேராகத் திரையில் பதிவார். மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளின் பெயரைக் கேட்டுப் போட்டுவிட்டோம். வராத நானூற்றுப் பன்னிரண்டு பேர் கேள்விக்குறியாகவே நின்றார்கள்.

போன் நம்பர்கள் இருக்கின்றன, கூப்பிட்டுக் கேட்கிறேன் என்று அண்ணி எழுதிக் கேட்டார். கோட்டு மறுத்துவிட்டார். ஏனென்றால் அதற்குள் அவர் மேலே எழுதியாகிவிட்டது: எல்லாப் பெயர்களும் முழுவதுமாக மீட்கப்பட்டுவிட்டன என்று. அதற்குப் பாராட்டுக் கடிதமும் வாங்கியாகிவிட்டது.

அந்த நானூற்றுப் பன்னிரண்டில் ஒருவரைத் தேடி ஒரு நாள் ஒரு அம்மா என் கவுண்டருக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். அவருடைய பெண் குழந்தை பிறந்து இரண்டே நாள் உயிரோடு இருந்தது. அந்த இரண்டு நாளுக்குள் ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் எங்கள் டேட்டாபேஸ். "வேற எதுவும் வேணாம். அவ பேரு போட்டு ஒரு பேப்பர் வேணும். வீட்டுல வச்சுக்க" என்றார். நான் திறந்தேன். திரையை அவர் பக்கம் திருப்பாமல் இருந்திருக்கலாம். பழக்கதோஷத்தில் திருப்பிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"பேரச் சொல்லுங்க, எழுதித் தரச் சொல்றேன்" என்றேன்.

"எதுக்குச் சொல்லணும்? ஒரு தடவ சொன்னேன்ல? நீங்கதான தொலைச்சீங்க? நீங்களே தேடிக் கண்டுபிடிங்க."

விஷயம் கேட்டுப் பதிவறையிலிருந்து அண்ணி ஓடி வந்தார். கேட் வரைக்கும் பின்னாலேயே போனார். அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணி திரும்பிவந்து கோட்டிடம் போய் நின்றார். "இறந்துபோன கேஸ்தானே, அதைப் போய் ஏம்மா கிளறுறீங்க?" என்றார் கோட்டு. அன்றைக்கு வீட்டுக்கு வந்த அண்ணி சாப்பிடவில்லை. அழவும் இல்லை. ஒரு நோட்டை எடுத்து அந்த அம்மாவின் போன் நம்பரை முதல் வரியில் எழுதினார். அதற்குக் கீழே, பதிவறையில் தினமும் குறித்துவந்து, மற்ற நானூற்றுப் பதினொரு நம்பர்களையும் எழுதினார். எழுதி முடிக்க நாலு நாள் ஆனது. அந்த நோட்டு பீரோவில் அவருடைய நல்ல புடவைகளுக்கு அடியில் போனது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, கோட்டுக்கு ஒரு நாள் இருக்கிறது என்று.

பெயர்கள் தொலைந்ததிலிருந்து எண்ணினால், அந்த நாள் வருவதற்கு ஆறு வருடம் பிடித்தது. இந்த வருடம் எங்களோடு சேர்த்து நாலு ஆஸ்பத்திரிகளின் பதிவுகளையும் ஒரே டேட்டாபேஸாக்குவது என்று முடிவானது. வேலை நல்லபடி முடிந்தால் கோட்டு நாலு ஆஸ்பத்திரிக்கும் தலைவர். புது நாற்காலி வந்து பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அவர் அறை வாசலில் நின்றது. முதலில் ஒரு ஒத்திகை டேட்டாபேஸ் தயாரித்து, பதிவறைக்கு மட்டும் திறந்துவிட்டார்கள்; கவுண்டர்களில் குழுவுக்குக் காட்டும் செயல்விளக்கத்தன்றுதான். அண்ணி பதிவறையில் உட்கார்ந்து திறந்தார். திறந்ததும் தன் ஒரு வரிக் கேள்வியைப் போட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணி அடுப்படியில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணி பாடி நாங்கள் கேட்டதில்லை.

"என்ன அண்ணி, என்ன விசேஷம்?" என்றேன்.

"மறுபடியும் அதே அமைப்புதான் வச்சிருக்கான்" என்றார் அண்ணி. "அதே வெளிநாட்டு எழுத்துத் தொகுப்பு. ஆனா இந்தத் தடவ கேள்விக்குறி வராது. எந்த மெஷின் எந்த அமைப்புல வந்து சேருதுன்னும் டேட்டாபேஸே காட்டுது. ஏத்தற மெஷினையும் அவன் லேப்டாப்பையும் அதே தப்பு அமைப்புக்கு மாத்தி வச்சுட்டாங்க. ரெண்டு வாட்ச்சும் லேட்டு. அவன் லேப்டாப்ல பாத்தா பேரெல்லாம் அழகா தெரியும். உன் கவுண்டர்ல பாத்தா குப்பை."

"அப்படியே நிஜமா ஓட விட்டா?"

"நீங்க கவுண்டர்ல புதுசா போடற பேரெல்லாம் கேள்விக்குறி ஆயிடும். நாலு ஆஸ்பத்திரிக்கும்."

எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வாயத் தொறக்காதீங்க அண்ணி. விட்டுடுங்க. நல்லா மூக்குடைஞ்சு நடுத்தெருவுல நிக்கட்டும்."

"அவன் தலைல மட்டும் விழும்னா விட்டுடுவேன்" என்றார் அண்ணி. "அந்தப் பொண்ணு மாதிரி இன்னும் எத்தனை பேரு வந்து உன் கவுண்டர்ல நிப்பாங்க?"

"அப்போ போய்ச் சொல்லப் போறீங்களா? சொன்னா சரி பண்ணிட்டு அந்த நாற்காலில உக்காந்துருவான்."

"சொல்லவும் மாட்டேன். கேப்பேன்" என்றார் அண்ணி. "மூணு பக்கமும் அவனே நிரப்பித் தரணும்னு கேப்பேன்."

மறுநாள் காலை பதிவறையிலிருந்து ஒரு கடிதம் மேலே போனது. வரவு நம்பர் போட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கி, நிர்வாகக் குழுத் தலைவருக்கு ஒரு நகலோடு. கடிதத்தில் ஒரு காரமான வார்த்தை கிடையாது. முன்பு நடந்ததை முன்னிட்டு, ஒத்திகை டேட்டாபேஸின் மொழி, எழுத்து அமைப்புகளைப் பிரிவுத் தலைவர் தாமே சோதித்து, இணைத்துள்ள மூன்று பக்கங்களிலும் கையெழுத்திட வேண்டும். செயல்விளக்கத்தின்போது பதிவறை சார்பாக ஒருவர் உடனிருக்க வேண்டும். அதுவரை பழைய மெஷின் எதையும் துடைக்கக் கூடாது. அவ்வளவுதான். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு பெரிய டாக்டரம்மா. இரண்டு வருடம் முன்னால்தான் வந்தவர். நியாயமாகத்தானே கேட்கிறார்கள், செய்துவிடுங்கள் என்று ஓரத்தில் எழுதி அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் அடுப்படிக்குப் போய்க் கேட்டேன். "அண்ணி, அவன் நெஜமாவே சோதிச்சுப் பாத்துட்டான்னா?"

"பாத்துட்டா நான் தோத்துட்டேன். பேரெல்லாம் பொழைச்சுரும். அவனும் பொழைச்சுருவான்" என்றார் அண்ணி. சொல்லும்போது கையிலிருந்த வெங்காயத்தை வேண்டியதைவிடப் பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தார்.

நாலு நாள் அந்தத் தாள் கோட்டிடம் இருந்தது. நான் ஏதாவது சாக்குச் சொல்லி அவர் மேஜைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். முதல் நாள் தாளின்மேல் காப்பிக் கோப்பை இருந்தது. இரண்டாம் நாள் கார் சாவி இருந்தது. மூன்றாம் நாள் தாளைக் காணோம். கோட்டு எழுந்து என் கவுண்டர் பக்கமாக நடந்து வந்தார். வந்தது தண்ணீர் குடிக்க. என் மெஷினுக்கும் அவருக்கும் நடுவில் நாலு அடி இருந்தது. குடித்துவிட்டுக் கோட்டின் பொத்தானைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போனார்.

நாலாம் நாள் தாள் பதிவறைக்கு வந்தது. மூன்று பக்கத்திலும் டிக். மூன்றாம் பக்கத்தில், 'வேறொரு மெஷினில் நானே பார்த்துப் படித்தேன்' என்ற வரிக்கு எதிரே கையெழுத்து, தேதி. கையெழுத்துக்குக் கீழே சிவப்பு மையில் தன் சார்பாக ஒரு வரி: 'எல்லாம் சரியாக உள்ளது. பதிவறை தன் வேலையைப் பார்க்கட்டும்.' அண்ணி அதை ஒரு தடவை படித்தார். இரண்டு நகல் எடுத்தார். "சரி, பதிவறை தன் வேலையைப் பாக்கட்டும்" என்றார்.

செயல்விளக்கம் எங்கள் கவுண்டர் கூடத்தில்தான் நடந்தது. பெரிய டாக்டரம்மாவும் குழுவில் ஏழெட்டுப் பேரும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கோட்டு தன் லேப்டாப் திரையைச் சுவரில் விழவைத்து, நாலு ஆஸ்பத்திரியிலிருந்தும் பெயர்களைத் திறந்து காட்டினார். ஒவ்வொன்றும் பளிச்சென்று விழுந்தது. கை தட்டினார்கள். பெரிய டாக்டரம்மா அந்த நாலில் ஒன்றான பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் செய்துகொண்டவர். கோட்டு அவர் பெயரையும் போட்டுக் காட்டினார். டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. நான் அண்ணியைத் தேடினேன். தூணோரமாகக் கையில் ஒரு ஃபைலோடு நின்று, எல்லோரும் தட்டி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"டாக்டரம்மா, நீங்க உக்காந்திருக்கிற இடத்துலயிருந்து பத்தடிதான். அந்த மூணாம் கவுண்டர்லயும் உங்க பேர ஒரு தடவ பாத்துடுங்களேன்" என்றார்.

கோட்டு சிரித்தார். "இவங்க எப்பவுமே இப்படித்தான் மேடம். ஒரு பயம்."

"பாத்தா போச்சு" என்று டாக்டரம்மா எழுந்து வந்துவிட்டார். நான் நம்பரைக் கேட்டுப் போட்டேன். இந்தத் தடவை தெரிந்தேதான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தொப்பி போட்ட வெளிநாட்டு எழுத்துகளும் வட்டங்களும் கோடுகளுமாக ஒரு முழ நீளத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த கவுண்டரில் போட்டார்கள். அங்கேயும் அதேதான். ஐந்து கவுண்டரிலும் அதேதான்.

கோட்டின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வாய் மட்டும் பழைய பாதையிலேயே ஓடியது. "இது சோதனைல வந்திருக்க வேண்டியது மேடம். சோதனை பண்ணவங்க…"

அண்ணி ஃபைலைத் திறந்து மூன்றாம் பக்கத்தை நீட்டினார். டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகவே படித்தார். 'வேறொரு மெஷினில் நானே பார்த்துப் படித்தேன்.' பிறகு சிவப்பு மையையும் படித்தார்.

"எந்த மெஷின்ல பாத்தீங்க?" என்று கேட்டார்.

கோட்டு தன் லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தார். ஆறு வருடம் முன்னால் மாடிப்படியில் சிரித்த நாலு பேரில் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். ஒவ்வொருத்தர் முகத்தையும் நான் ஆற அமரப் பார்த்துக்கொண்டேன். அப்படி ஒரு சந்தோஷம் அதற்குமுன் எனக்கு வாய்த்ததில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெயர்களுக்கு எந்தச் சேதமும் இல்லை. அது ஒத்திகைதான், பழைய மெஷின்கள் துடைக்கப்படாமல் அப்படியே இருந்தன. பழைய விசாரணையின் காகிதங்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். முழுவதும் மீட்கப்பட்டுவிட்டதாக எழுதிய பொய்யும் வெளியே வந்தது. அண்ணியின் மேலிருந்த குற்றத்தை நீக்கி, மேலே அவருடைய பழைய இடத்தைக் கொடுத்தார்கள். டாக்டரம்மா அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "அந்த ஆளை வேலைய விட்டே அனுப்பிடலாம்னு குழுவுல சொல்றாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"வேண்டாம் டாக்டரம்மா" என்றிருக்கிறார் அண்ணி. "அனுப்பினா அவரு வீட்டுக்குப் போயிடுவாரு."

பிறகு கைப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறார்.

போன திங்கட்கிழமையிலிருந்து கோட்டுக்குப் பதிவறையில்தான் வேலை. அதே ஜன்னலில்லாத அறை, அதே ட்யூப்லைட். அதை மாற்ற வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டார். உள்ளே வேர்த்துக் கொட்டும். முதல் நாளே கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டார். வேலை இதுதான்: நோட்டில் இருக்கும் நம்பர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று சொல்லி, பெயரைக் கேட்டு, பதிய வேண்டும். முதல் நம்பரைக் கூப்பிடும்போது மட்டும் தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அண்ணி கேட்டு வாங்கியிருந்தார். என் இடத்தில் வேறொருவரை உட்காரவைத்துவிட்டு நானும் போய்க் கதவோரம் நின்றேன்.

ஸ்பீக்கரைப் போடச் சொன்னார் அண்ணி. மணி அடித்தது. அந்தக் குரலை நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன்.

"வணக்கம்மா. ஆஸ்பத்திரியிலயிருந்து பேசறோம்" என்றார் கோட்டு. "உங்க பெண் குழந்தையோட பேரு… எங்க பதிவுல ஒரு சின்ன தொழில்நுட்பக் கோளாறுனால…"

அண்ணி மேஜையில் ஒரு விரலால் தட்டினார். கோட்டு நிறுத்தினார்.

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கிற ஓசை வந்தது. பிறகு அந்த அம்மா கேட்டார்:

"யாரு தொலைச்சது?"

கோட்டு அண்ணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேலே பார்த்தார். அங்கே ட்யூப்லைட் துடித்துக்கொண்டிருந்தது. அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடம் காத்திருந்தவருக்கு ஒரு நிமிடம் பெரிதில்லை.

"நான்தாம்மா" என்றார் கோட்டு. "பாக்கச் சொன்னாங்க. நான் பாக்க விடல."

அந்த அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. "எழுதிக்கோ" என்றார். குழந்தையின் பெயரைச் சொன்னார். ஒரு தடவை சொல்லி, நிறுத்தி, மறுபடியும் சொன்னார். கோட்டு டைப் செய்தார். இரண்டு முறை அழித்து அடித்தார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, பேப்பரும் தபாலில் போய்விட்டது.

போனை வைத்ததும் கோட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆச்சும்மா. திரைல சரியா தெரியுது" என்றார்.

"எழுதின மெஷின்ல பாத்தா பாத்ததுல சேராது சார்" என்றார் அண்ணி. "மூணாம் கவுண்டருக்குப் போய்ப் படிச்சுட்டு வாங்க. வாய்விட்டுப் படிக்கணும்."

முப்பத்தாறு படி ஏறி வந்தார். நான் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்து திரையைத் திருப்பினேன். வரிசையில் நின்றவர்களுக்கு நடுவே நின்று, அந்தப் பெயரைச் சத்தமாகப் படித்தார். குரல் பாதியில் உடைந்தது. எனக்கே ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. அதை ஒளிக்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் அண்ணியின் பக்கத்தில் இடம் கிடைத்தது. மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது.

"அண்ணி, அந்த ஆளு அழுதுட்டான். இப்பவாவது மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டேன்.

அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் நானூத்திப் பதினொண்ணு இருக்கு" என்றார்.